வேலை நடக்கும் நாவல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"இப்போது என்ன நாவல் படிக்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று நிலையத்தார் கேட்டபோது, மேஜைமேல் கிடந்த புத்தகங்களை ஒருமுறை பார்த்தேன். நாலைந்து இருந்தன. பாதி படித்தது, இரண்டாம் முறை படிப்பது, முன்பே படித்து மறந்துபோனது என்று கலவையான கூட்டம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் யாராவது மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச காலமாகவே நான் அப்படிப்பட்ட நாவல்களாகத்தான் தேடிப் படிக்கிறேன்.

நம் நாவல்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதாநாயகன் காலையில் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவான். அடுத்த வரியில் சாயங்காலம் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவான். நடுவில் அந்த எட்டு மணி நேரம் அவன் என்னதான் செய்தான்? யாரிடம் திட்டு வாங்கினான், எந்தக் கணக்கு இடித்தது, மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான்? ஒன்றும் தெரியாது. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே உத்தியோகக் காலத்தைக் கழித்த எனக்கு இந்த விடுபடல் கொஞ்சம் உறுத்தும். மனிதனின் குணம் பாதிக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தானே வெளிப்படுகிறது?

இந்தக் குறையைத் தீர்த்த நாவல்களைத்தான் இன்று பரிந்துரைக்கப் போகிறேன். பேனாவும் காகிதமும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. சினிமாக்காரர்களைப் பற்றிய நாவல். சினிமா என்றதும் நட்சத்திரங்களின் அந்தரங்கம் வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கதை தொடங்குவது நடராஜன் என்கிற தயாரிப்பு நிர்வாகியிடம். வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் வண்டி வேண்டும், ஆட்களைச் சேர்க்க வேண்டும், சாப்பாடு வர வேண்டும். ஒன்று தவறினாலும் திட்டு அவருக்குத்தான். திரையில் அவர் முகம் வரப்போவதில்லை. ஆனால் அவர் ஒருநாள் படுத்துவிட்டால் அன்றைக்குப் படமே எடுக்க முடியாது.

அசோகமித்திரன் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். நாவல் 1969-ல் வந்தது. உள்ளே இருந்து பார்த்த ஆளின் கண் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் தனக்குத் தெரிந்ததையெல்லாம் நம் தலையில் கொட்டும் அவசரம் அவருக்கு இல்லை. ரெட்டியார் என்கிற தயாரிப்பாளர், படப்பிடிப்புக்கு வர மறுக்கும் நடிகை ஜயசந்திரிகாவின் வீட்டுக்கே போய்ப் பேசும் ஓர் இடம் இருக்கிறது. நான் இப்போது திரும்பத் திரும்பப் படிப்பது அந்த இடத்தைத்தான். கெஞ்சலும் மிரட்டலும் மாறி மாறி வருகின்றன. ரெட்டியாருக்குப் பணம் முழுகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ உடம்பில் தெம்பு இல்லை. யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் சொல்வதில்லை. நமக்கும் சொல்லத் தெரிவதில்லை. கடன் வாங்கித் தொழில் செய்தவர்கள் ரெட்டியாரைப் புரிந்துகொள்வார்கள். ஓயாமல் வேலை வாங்கப்பட்டவர்கள் அவளைப் புரிந்துகொள்வார்கள். சரி, அப்புறம் நடராஜன் என்ன ஆனார்? அது வேறு யாரோ பேசும்போது போகிறபோக்கில் வருகிறது. கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலுக்குக் கதாநாயகன் கிடையாது. ஒரு அத்தியாயத்தில் முன்னால் நின்றவர் அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போய்விடுவார். முதல் தடவை படிக்கும்போது "இவர் யார், அவர் எங்கே?" என்று தடுமாறலாம். சின்ன நாவல்தான், தாராளமாக இரண்டாம் தடவை படியுங்கள்.

அடுத்து, சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. இதுவும் அதே 1969-ல் வெளிவந்தது. கந்தசாமி மாயவரத்துக்காரர். புத்தகம் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வெளியூரில் சம்பாதித்த பணத்தோடு சிதம்பரம் என்கிற இளைஞன் காவிரிக்கரைக் கிராமத்துக்கு வருகிறான். வனம்போல் அடர்ந்த ஒரு தோட்டத்தை வாங்குகிறான். அதை அழித்து அங்கே கரும்பாலை கட்ட வேண்டும் என்பது திட்டம். உறவினரான சிவனாண்டித் தேவர் கூட நிற்கிறார்.

நாவலின் பெரும்பகுதி அந்தத் தோட்டத்தை அழிப்பதுதான். வேறு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். ஐம்பது பக்கத்தில் மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதே ஐம்பது பக்கத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கொடியை அறுத்தால் அது மேலே பின்னிக்கொண்டு கீழே விழாமல் தொங்குகிறது. ஒரு செடியை வெட்டினால் அதற்குப் பின்னால் முள். அரிவாளை எந்தக் கோணத்தில் வீச வேண்டும், எங்கே காலை வைக்கக்கூடாது, எவ்வளவு வெட்டினாலும் காடு குறைந்த மாதிரியே ஏன் தெரியவில்லை என்று எல்லாமே நிதானமாக வருகிறது. படிக்கிற நமக்கே தோள் வலிக்கும். கடைசியில் பொறுமை தீர்ந்து அவன் நெருப்பைக் கையில் எடுக்கிறான். பறவையும் மரமும் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சிதம்பரத்தை ஆசிரியர் வில்லனாக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அவன் கெட்டவன் இல்லை. சோம்பேறி இல்லை. ஊரில் எல்லோரையும்விட அதிகம் உழைக்கிறவன் அவன்தான். அந்த உழைப்பைப் பார்த்து நமக்கு மரியாதை வருகிறது. மரியாதை வருகிற அதே நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. எரிந்துபோன மரங்களில் ஊருக்கே புளி கொடுத்துக்கொண்டிருந்த மரங்களும் உண்டு. நாவல் முடியும்போது ஒரு மூதாட்டி அந்தப் புளியைப் பற்றிப் பேசுகிற பேச்சை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன். சுற்றுச்சூழல் என்று இன்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்தப் பேச்சு எதுவும் கேட்காத காலத்தில் எழுதியது இது.

மூன்றாவதாக ப. சிங்காரம். அவர் எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி'யை எல்லோரும் பரிந்துரைப்பார்கள், நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதை எடுத்துவிட்டு நடுவில் வரும் நீண்ட உரையாடல்களில் சிக்கித் திரும்பி வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு என் யோசனை, முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். 1959-ல் வந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்துப் பினாங்கு, வட்டிக்கடை, இந்திய தேசிய ராணுவம், ஒரு காதல். நேரான கதை.

சிங்காரமே சிங்கம்புணரியிலிருந்து கப்பலேறிப்போய் இந்தோனேசியாவின் மெடான் நகரில் வட்டிக்கடையில் வேலை செய்தவர். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றினார். அதனால் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடைகளின் படிநிலை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெட்டியடி என்பது முன்னால் ஒரு மேஜைப்பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற இடம். நீண்ட கூடத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டியடிகள், ஒவ்வொன்றும் ஒரு கடை. பகலில் கொடுக்கல் வாங்கல் நடக்கிற அதே கூடத்தில்தான் ராத்திரியில் படுக்கையும். இவ்வளவும் தெரிந்த பிறகு, அப்படியொரு கடையில் வேலை பார்க்கும் கதாநாயகன் செல்லையாவின் பிரச்சினை நன்றாகப் புரியும். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். அவருக்கும் முதலில் சம்மதம்தான். ஆனால் பட்டாளத்துக்குப் போய்த் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்த பையன் இனி வட்டிக்கடைக்குச் சரிப்பட மாட்டான் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். சாதியோ சொத்தோ வராமல், தொழில் குறுக்கே வந்து நிற்கிற காதல் கதை தமிழில் அபூர்வம். யோசித்துப் பார்த்தால் வயிரமுத்துப் பிள்ளை சொல்வதும் தவறு என்று தோன்றாது. வசூலுக்குப் போகிறவனுக்குப் பணிவு வேண்டும். அது செல்லையாவிடம் இனி திரும்பாது.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளம், அங்கே கூலிக்கு வருகிற பொன்னாச்சி என்கிற பெண். ராஜம் கிருஷ்ணன் எழுதுவதற்கு முன்னால் அந்த மக்களிடம் நேரில் போய் விசாரித்து எழுதியவர். வெயிலில் கண் கூசுவதும், உப்புநீரில் ஊறி ஊறிக் கால் புண்ணாவதும், சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிப்பதும் அப்படித்தான் வந்திருக்கின்றன. பாத்திரங்கள் சில இடங்களில் மேடையில் நிற்பதுபோல் பேசிவிடுகிறார்கள், அது எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் படியுங்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கடைசியாக ஒரு மொழிபெயர்ப்பு. மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய நாவல், சுந்தர ராமசாமி இளவயதிலேயே தமிழில் கொண்டுவந்த 'தோட்டியின் மகன்'. ஆலப்புழை நகராட்சியில் மலம் அள்ளும் தொழிலாளர்களின் கதை. இசக்கிமுத்து தன் வாளியையும் மண்வெட்டியையும் மகன் சுடலைமுத்துவிடம் ஒப்படைக்கிறான். சுடலைமுத்துவுக்கு ஒரே ஒரு வெறி, தன் மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது. அதற்காகக் காசு சேர்க்கிறான். கூட வேலை செய்கிறவர்களையே காட்டிக்கொடுக்கவும் துணிகிறான். சேர்த்த காசை நகராட்சித் தலைவரிடமே கொடுத்து வைக்கிறான். அவனுக்காக இரங்குவதா, அவனைக் கோபிப்பதா என்று தெரியாமல் படித்துக்கொண்டே போனேன். பிள்ளைக்கு மோகன் என்று பெயர் வைக்கிறான். அந்தப் பெயரைக் கேட்டு ஊர் படுகிற பாடு இருக்கிறதே! தோட்டியின் பிள்ளைக்கு மோகனா என்று முகம் சுளிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். பெற்றவனுக்கே அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நாவல் படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்கள் 'கடலுக்கு அப்பால்' எடுங்கள். பழக்கம் உள்ளவர்கள் நேராகச் 'சாயாவன'த்துக்குள் போகலாம். பக்கத்துக் கிளை நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் கேட்டுப்பாருங்கள். அப்படியே, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனின் ஒரு முழுநாளை எழுதிய தமிழ் நாவல் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வணக்கம்.