மாஸ்க்கைத் தள்ளிவிடாதீங்க

நம் தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மாரிட்ஸ்பர்க், அங்கே மேலே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிற நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், “டாக்டர், நடுவிலே முழிச்சுக்குவேனா?” என்பதுதான். நுரையீரலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் பெரிய கவலை.

இப்போது மூச்சைச் சாதாரணமாக வெளியே விடுங்கள். கார் ஓட்டுகிறவர்களும் விடலாம், ஒன்றும் ஆகாது. விட்ட பிறகும் உள்ளே காற்று தங்கியிருக்கும். நின்றுகொண்டிருந்தால் ஏறக்குறைய 3 லிட்டர். மல்லாந்து படுத்தீர்களோ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத் தசையை வயிறு மேலே தள்ளும், இரண்டு, இரண்டரை லிட்டராகிவிடும். மயக்க மருந்து ஏறியதும் நெஞ்சுத் தசைகள் தளர்ந்து இன்னும் அரை லிட்டர் போகும். படுத்தால் ஒரு பங்கு போச்சு, தூங்க வைத்தால் இன்னொரு பங்கு போச்சு. கெட்டமின் என்கிற மயக்க மருந்தில் மட்டும் இந்தக் குறைவு அவ்வளவாக இல்லை.

டர்பனில் தண்ணீர் நின்றுபோனால் வீட்டு ஜோஜோ டாங்கியைத்தானே நம்பியிருக்கிறோம்? இந்தக் காற்றும் அப்படித்தான். மருந்து ஏறி உங்கள் மூச்சு நின்று, நான் தொண்டையில் குழாய் வைக்கும் வரை உடம்பு அதிலிருந்துதான் ஆக்ஸிஜனை எடுக்க வேண்டும். நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர். வெறும் அறைக் காற்றோடு இருந்தால் அது ஒரு நிமிஷம்கூட ஒழுங்காகத் தாங்காது. முன்கூட்டியே சுத்த ஆக்ஸிஜனால் நிரப்பிவிட்டால் ஆரோக்கியமானவருக்கு ஏழெட்டு நிமிஷம் கிடைக்கும். அதற்குத்தான் அந்த மாஸ்க். மூன்று நிமிஷம் சும்மா மூச்சு விட்டால் போதும். அவசரமென்றால் ஒரு நிமிஷத்தில் எட்டுத் தடவை ஆழமாக.

டோங்காட் ஆயா ஒருத்தி, இடுப்பு எலும்பு முறிவு. மாஸ்க்கைக் கொண்டுபோனதும் தட்டிவிட்டாள். “தம்பி, மூஞ்சை மூடாதே, நான் சாக வரல்லே!” சரி ஆயா, நீங்களே பிடிச்சுக்கோங்க என்று கையில் கொடுத்தேன். பிடித்தாள். ஆனால் மிஷினில் தொங்கும் ரப்பர் பை அசையவே இல்லை. என்னடா என்று குனிந்து பார்த்தால், பல் செட்டை வார்டிலே கழற்றி வைத்துவிட்டார்கள். கன்னம் குழிவிழுந்து ஓரமெல்லாம் காற்று ஒழுகுகிறது. ஆக்ஸிஜன் வெளியே, அறைக் காற்று உள்ளே! இரண்டு கன்னத்தையும் நான் மாஸ்க்கோடு சேர்த்து அணைத்துப் பிடித்தேன். மூச்சுக்கு ஒரு ‘முருகா’ சொல்லுங்க ஆயா என்றேன். உள்ளே இழுக்கும்போது பை சுருங்கும், ‘முருகா’வில் உப்பும். வெளிவரும் மூச்சில் ஆக்ஸிஜன் 90 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகுதான் மருந்து. ஆகவே சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: மாஸ்க்கைத் தள்ளிவிடாதீங்க.

இன்னொரு சிக்கல். நுரையீரல் சுருங்கும்போது முதுகுப் பக்கத்துக் காற்றறைகள் சில அமுங்கி மூடிக்கொள்ளும். 1980களில் ஸ்வீடன் டாக்டர்கள் சி.டி. ஸ்கேனில் இதைக் காட்டினார்கள். மயக்கத்தில் இருக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும். மூடிய அறையைச் சுற்றியும் ரத்தம் ஓடும், ஆனால் ஆக்ஸிஜன் வாங்காமலே திரும்பும். வேடிக்கை என்னவென்றால், சுத்த ஆக்ஸிஜனே அறைகள் மூட இன்னொரு காரணம்: ரத்தம் அதை முழுக்க உறிஞ்சிவிடும், விரித்துப் பிடிக்க நைட்ரஜன் மிஞ்சாது. அதனால் குறைவாகக் கொடு என்று வாதிடுகிற டாக்டர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மூடிய அறையை வென்டிலேட்டர் அழுத்தத்தால் பிறகு திறக்கலாம். தீர்ந்துபோன ஆக்ஸிஜனுக்கு என்ன செய்வது?

லெனேசியாக்காரர்களுக்கு இந்த ஆக்ஸிஜன் கவலை கொஞ்சம் கூடுதல். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். மயக்கத்துக்கு முன்பே கையிருப்பு குறைவு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். சிகரெட் பற்றியும் உடல் பருமன் பற்றியும் நிறைய எழுதி வந்தேன், போகட்டும். சிகரெட்டை இன்றைக்கே நிறுத்துங்கள், அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்ததும் மல்லாந்தே கிடக்காதீர்கள். நர்ஸ் சரி என்றால் தலைமாட்டை உயர்த்தி உட்காருங்கள். தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமுங்கள். வலித்தால் மருந்து கேளுங்கள், வலியோடு யாரும் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார்கள். பல் செட்டு விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.