சம்பளம் இல்லாத இரவுக் காவல்

(கோத்தகிரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மலைப்பாதை நிலவரம் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதன் அட்மின்களில் நானும் ஒருத்தி. "இதுக்கு உங்களுக்கு என்னக்கா கிடைக்குது?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். பணம் எதுவும் கிடையாது. அப்புறம் ஏன் செய்கிறோம்?

ஓர் ஐப்பசி இரவு, பதினோரு மணி இருக்கும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் சாலையே சரிந்துவிட்டது என்று ஒரு படம் வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஆறு பேர் அதையே அனுப்பிவிட்டார்கள். அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் குன்னூரில் காரில் ஏற்றிவிட்டு ஒருவர் கேட்கிறார்: "கிளம்பலாமா, வேண்டாமா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்து மைல்கல்லில் இருந்தது தமிழே இல்லை. பர்லியாரில் தெரிந்த டீக்கடைக்காரரை எழுப்பிக் கேட்டேன். "மழைதான்க்கா, வண்டியெல்லாம் போய்க்கிட்டுதான் இருக்கு" என்றார். படத்தை நீக்கிவிட்டு, "பாதை திறந்திருக்கிறது, மெதுவாகப் போங்கள்" என்று போட்டேன். இரண்டு மணிக்கு, வழி கேட்டவரிடமிருந்து ஒரே வரி: "சேர்ந்துட்டோம்." அதைப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம் இது. இங்கே ஒரு பொய்ப்படம் வெறும் பொய்ப்படம் இல்லை.

படத்தை நீக்கியதற்குத் திட்டும் வாங்கினேன். "நீ யாரு அதை எடுக்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எதை, ஏன் நீக்கினோம் என்று குழுவிலேயே சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனசு வராது. முன்பொரு நாள் அப்பாவை வண்டியில் வைத்துக்கொண்டு இதே குழுவில் வழி கேட்டவள் நான். முகம் தெரியாத ஒருவர் விழித்திருந்து பதில் சொன்னார். அந்த இடம் குப்பையாவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளும் இப்படித்தான். யாரோ கெடுத்த பக்கத்தைச் சம்பளம் வாங்காமல் சரிசெய்கிறார்கள்.

ஆனால் அன்பால் செய்வதை வைத்து வேறொருவர் லாபம் பார்த்தால்? அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் அரட்டை அறைகளைத் தன்னார்வலர்கள் ஷிப்ட் போட்டுக் கவனித்தார்கள். கிடைத்தது பெரும்பாலும் இலவச இணைய இணைப்புதான். வேலை என்றால் கூலி வேண்டும் என்று 1999இல் வழக்குப் போட்டார்கள், 2010இல் 1.5 கோடி டாலரில் சமரசமானது. 2023 ஜூனில் ரெடிட் என்ற விவாதத் தளம் வெளிச் செயலிகளுக்கு விதித்த புதிய கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்களை அவற்றைச் சம்பளமில்லாமல் கவனிக்கும் மட்டுறுத்துநர்களே மூடிவைத்தார்கள். சும்மா செய்கிறவர்களுக்கும் மரியாதை வேண்டும், ஓய்வும் வேண்டும்.

ஓய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குழுவில் இரவு பார்ப்பது மூன்றே பேர், ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. இந்த மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. முடிந்தவர்கள் போகும்போது வாசலில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.