இசைத்தட்டு சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். இசை வரலாற்றை ஆராய வரும் மாணவர்களோடு உட்கார்ந்து பழைய இசைத்தட்டுகளைக் கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் ஒரு நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "ஐயா, அந்தக் காலத்தில் எல்லோரும் மேல் சுருதியில், வேகமாக, உரக்கத்தான் பாடியிருக்கிறார்கள்" என்றாள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். "தட்டில் கேட்கிறதே!" என்றாள்.

சரி, கேட்போம் என்று தட்டைச் சுழல விட்டோம். குரல் மெலிந்து, சிறுபிள்ளை பாடுவதுபோல் வந்தது. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஓர் இடத்தில் அந்தக் குரலுக்குச் சட்டென்று கனம் வந்தது. வளர்ந்த மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பாடுகிறார்! அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

விஷயம் இதுதான். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற கணக்கு. ஆரம்பகாலத் தட்டுகள் பல வேகங்களில் பதிவாயின. 70 சுற்றில் பதிந்ததை 78 சுற்றில் ஓட்டினால், ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் ஏறக்குறைய அதைவிட உயர்ந்த ஆறு கட்டையில் பாடியதாகக் கேட்கும். காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், கூடவே ஏறும்.

அப்படியானால் உரக்கப் பாடியது? அது உண்மைதான். ஆனால் 1925 வாக்கில் மின்ஒலிப்பதிவு வரும்வரை மைக் கிடையாது. ஒரு புனலுக்குள் பாட வேண்டும். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்துக் கோடு கீற வேண்டும். மெல்லப் பாடினால் சரியாகப் பதியாது. அதே பாடகர் சபையில் எப்படிப் பாடினார் என்பதற்குத் தட்டு மட்டும் சாட்சி ஆகாது. இதைத்தான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பாட்டைக் கேட்பதற்கு முன், அது நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று. 1902-இல் கல்கத்தாவில் பாடிய இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானின் தட்டுகளில், பாட்டு முடியும்போது "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று அவரே சொல்வார். முதலில் கேட்கும் மாணவர்கள் அதைப் பெருமைப் பேச்சு என்று நினைப்பார்கள். பதிந்த தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் போய், அங்கேதான் பிரதி எடுக்கப்பட்டன. யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியவே அந்த அறிவிப்பு என்று விளக்கம் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்டு திரும்பக் கேட்டால் அந்தக் குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மனம் நெகிழும்.

பாட்டின் நீளமும் அப்படித்தான். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை சுருங்கியதற்கும், ஒரே வரியைப் பல விதமாகப் பாடும் நிரவல் காணாமல் போனதற்கும் அந்த மூன்று நிமிடம்தான் காரணமே தவிர, வித்வானிடம் சரக்கு இல்லாமல் இல்லை.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பாட்டுப் புத்தகங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒரே பாட்டுக்குப் பழைய புத்தகம் ஒன்றில் ஒரு ராகம் போட்டிருக்கும், இன்னொன்றில் வேறு ராகம் இருக்கும். எது சரி என்றுதான் மாணவர்கள் உடனே கேட்பார்கள். யார் யாரிடம் பாடம் கேட்டு எழுதினார் என்று தேடச் சொல்லி அனுப்புவேன். அந்த மாணவி இப்போது அந்தத் தேடலில்தான் இருக்கிறாள். வணக்கம்.