நிற்கிற காருக்கு நாளுக்கு 29 வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம். மாதத்துக்கு இரண்டு புதன்கிழமை, மாலை 4 மணி ஆனதும், சிங்கப்பூரில் கார் வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் திறந்து பார்ப்பது சிஓஇ, அதாவது கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், எவ்வளவுக்குப் போனது என்பதைத்தான். ஏறினால் பெருமூச்சு, இறங்கினால் விற்பனையாளருக்கு ஒரு போன். இந்தச் சான்றிதழின் விலை பற்றி நாம் பேசாத நாளே இல்லை. ஆனால் அந்த விலை சாலை நெரிசலைக் குறைக்கும் வேலைக்காக வைக்கப்பட்டதே, அந்த வேலையைச் செய்கிறதா என்று அதே அளவுக்குப் பேசுவதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு ஒரு எல்லை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இந்தத் தீவின் நிலத்தில் சுமார் 12 விழுக்காட்டைச் சாலைகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன, வீடுகளுக்கு இருப்பதே சுமார் 14 விழுக்காடுதான். 60 லட்சம் பேர் வாழும் இடத்தில் இன்னொரு விரைவுச்சாலைக்கு இடம் கேட்டால் யாருடைய வீட்டை, எந்தப் பள்ளித் திடலை எடுப்பது? 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி சுழியம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவெடுத்தபோது பலருக்குக் கசந்தது, எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இந்த ஊருக்கு இதில் ஒரு நல்ல வரலாறும் உண்டு. 1975 ஜூனில், உலகில் வேறு எந்த நகரமும் செய்து பார்க்காத ஒன்றை இங்கே செய்தார்கள். காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் காரோடு நுழைய வேண்டுமா, 3 வெள்ளி, அதாவது 3 சிங்கப்பூர் டாலர், கொடுத்து ஒரு தாள் உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள். கணினி இல்லை, கேமரா இல்லை, நுழைவாயிலில் ஓர் அதிகாரி நின்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். காரில் நான்கு பேர் சேர்ந்து வந்தால் காசே இல்லை. அந்த நேரத்தில் உள்ளே வரும் போக்குவரத்து நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. அந்தக் கட்டணம் யாரையும் கார் வாங்காதே என்று தடுக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். இந்த நேரத்தில், இந்த இடத்துக்கு, காரை எடுத்து வராதே என்று மட்டும் சொன்னது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம், நாம் இஆர்பி என்று சொல்வது, அதே எண்ணத்தின் தொடர்ச்சியாக வந்தது.

இரண்டுக்கும் நடுவில், 1990 மே மாதம், வந்ததுதான் ஒதுக்கீட்டு முறை. சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், 10 ஆண்டுதான் செல்லும். எண்ணிக்கையைப் பிடித்து வைக்க இதைவிடக் கறாரான முறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையைப் பாருங்கள். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது. ஆமாம், இரண்டே வெள்ளி. அதே பிரிவு 2023 அக்டோபரில் 106,000 வெள்ளி. இரண்டு சமயத்திலும் தீவு விரைவுச்சாலையில் காலையில் கார்கள் ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. அப்படியானால் இந்த விலை எதைக் காட்டுகிறது? அந்தக் காலாண்டில் எத்தனை பழைய கார்கள் கழிக்கப்பட்டன, மக்கள் கையில் எவ்வளவு காசு இருந்தது, தனியார் வாடகைக் கார் நிறுவனங்கள் எத்தனை சான்றிதழுக்குப் போட்டியிட்டன, இவற்றையெல்லாம் காட்டுகிறது. சாலை நெரிசலைக் காட்டவில்லை.

சரி, 106,000 வெள்ளி கொடுத்து ஒருவர் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு 29 வெள்ளி வருகிறது. கார் அடுக்குமாடிக்குக் கீழே சும்மா நின்றாலும் 29 வெள்ளி, மேற்கே ஜூரோங்கிலிருந்து கிழக்கே சாங்கிக்குப் போய்த் திரும்பினாலும் அதே 29 வெள்ளி. இறக்குமதி வரி, கூடுதல் பதிவுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். இவ்வளவையும் முன்கூட்டியே கட்டியவர், அடுத்த நாள் காலை பேருந்தா காரா என்று யோசிக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவார்? அந்த லட்சம் வெள்ளியை இல்லை, அது போனது போனதுதான். பெட்ரோல் செலவையும் பேருந்துக் கட்டணத்தையும்தான் ஒப்பிடுவார், கார்தான் வெல்லும். இத்தனை கொடுத்து வாங்கிவிட்டு நிறுத்தி வைக்கவா முடியும் என்று கேட்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அவர்கள் கேட்பதில் தவறும் இல்லை. கிழக்கிலிருந்து மேற்குவரை 50 கிலோமீட்டர் அளவே உள்ள தீவில், 2010களில் ஒரு கார் ஆண்டுக்குச் சராசரியாக 17 ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாங்குவதற்கு இவ்வளவு வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்குக் கொஞ்சமாக வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இந்தப் பாரம் எல்லார் தோளிலும் ஒரே மாதிரி விழவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மோட்டார் சைக்கிள் சான்றிதழ் 12,000 வெள்ளியைத் தாண்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். உணவு விநியோகம் செய்யும் தம்பிக்கு வண்டியின் விலையைவிடச் சான்றிதழின் விலை அதிகமாக இருந்தது. சாலையில் அவர் அடைத்துக்கொள்ளும் இடம் எவ்வளவு?

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, இந்த ஊரே முன்பு தொட்டுப் பார்த்த வழிதான். 1991இல் வார இறுதிக் கார் திட்டம் வந்தது. சிவப்பு எண்பலகை மாட்டிக்கொண்டால் பதிவின்போது பெரிய தள்ளுபடி, ஆனால் வாரநாள் பகலில் எடுத்தால் தனிக் கட்டணம். பிறகு வந்த உச்சமில்லா நேரக் கார் திட்டமும் அப்படித்தான். எவ்வளவு ஓட்டுகிறாயோ அதற்கேற்பக் கொடு என்ற எண்ணம் அதிலேயே இருந்தது. அன்றைக்குக் கருவி இல்லாததால் சிவப்புப் பலகையோடு நின்றுவிட்டது. இன்றைக்குக் கருவி வந்துவிட்டது. 2023 நவம்பரிலிருந்து வண்டிகளில் பொருத்தப்படும் புதிய இஆர்பி சாதனம் செயற்கைக்கோள் வழியாக இயங்குகிறது, ஓடிய தூரத்துக்குக் கட்டணம் கணக்கிடும் வசதி அதில் உண்டு. அரசாங்கமும் அதை மறைக்கவில்லை, இப்போதைக்கு அப்படிச் செய்யும் திட்டம் இல்லை என்கிறது. அதே சமயம் இந்தப் புதிய முறையை ஒரு காரணமாகக் காட்டி, 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 சான்றிதழ்கள்வரை கூடுதலாக விடுவதாக 2024இல் அறிவித்தது. என் வேண்டுகோள் எளிது: சான்றிதழைக் கூட்டுவதானால் தூரக் கட்டணத்தையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். வாங்கும்போது கட்டும் வரியைக் குறையுங்கள், உச்சவேளையில் ஓட்டுவதற்கான கட்டணத்தைக் கூட்டுங்கள். அம்மாவை மாதத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக மட்டும் கார் தேவைப்படுகிற குடும்பத்துக்கு அப்போது மூச்சு விட முடியும். டாக்சி, வாடகைக் கார் ஓட்டுநர்களின் நிலை என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குத் தனி விகிதம் வேண்டும், வாடகைக் கார் நிறுவனங்களுக்குத் தனிச் சான்றிதழ்ப் பிரிவும் வேண்டும், குடும்பங்களோடு ஒரே ஏலத்தில் அவர்களைப் போட்டியிட விடக்கூடாது.

அப்புறம், காரை விட்டு இறங்கு என்று சொன்னால் ஏறுவதற்கு ஒன்று இருக்க வேண்டும் இல்லையா? 1980களின் தொடக்கத்தில் பேருந்து மட்டும் போதுமா, ரயிலும் வேண்டுமா என்று அமைச்சரவைக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ பேருந்துப் பக்கம், தொடர்பு அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயில் பக்கம். 1982இல் 5 பில்லியன் வெள்ளியில் ரயில் என்று முடிவாகி, 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு முதல் ரயில் ஓடியது. அந்த முடிவு இல்லாத சிங்கப்பூரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் ரயில் வென்றதால் பேருந்து இரண்டாம் பிள்ளையாகிவிட்டதோ என்ற கவலை எனக்கு உண்டு. 2024 செப்டம்பரில் ஜூரோங் ஈஸ்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் நின்றபோது மக்களைச் சுமந்தது பேருந்துதானே. துவாஸில் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கும், பொங்கோலின் புதுக் குடியிருப்பில் இணைப்புப் பேருந்துக்கு நிற்கிறவருக்கும் அதுதான் வாசல்.

பேருந்துக்குக் காசு வராமல் இல்லை. 2024இல் 8 ஆண்டுகளுக்கு 900 மில்லியன் வெள்ளிவரை ஒதுக்கினார்கள், நல்ல செய்தி. ஆனால் புதுப் பேருந்தும் காருக்குப் பின்னால்தானே நிற்கிறது. மஞ்சள் கோடு போட்ட பேருந்துத் தடம் வாரநாளில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரைதான், மற்ற நேரத்தில் அது எல்லாருக்குமான சாலை. சிவப்புக் கோடும் சேர்ந்த முழுநாள் தடம் சில சாலைகளில் மட்டும்தான். அறுபது எழுபது பேரைச் சுமக்கும் வண்டிக்கு நாள் முழுக்க ஒரு தடம் கொடுக்க ஏலம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம், ஒரு டப்பா சிவப்புச் சாயமும் காரோட்டிகளின் கோபத்தைத் தாங்கும் மனமும் போதும். பெரிய பேருந்து வழித்தடங்கள் எல்லாவற்றிலும் இதை முதலில் செய்யுங்கள் என்று அமைச்சுக்கு எழுதப்போகிறேன். உங்கள் வட்டாரத்தில் எந்தச் சாலைக்கு வேண்டும் என்று நீங்களும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.