நீதிக்கு விலை வைத்த ஜான் மன்னர்

வணக்கம் மக்களே! இங்கிலாந்தில் உஸ்டர் கதீட்ரலுக்குள் நிற்கிறேன். இங்கே சத்தமாகப் பேச முடியாது, காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் கல்லறையின் மேல் சிலையாகப் படுத்திருப்பவர் ஜான் மன்னர். 1199 முதல் 1216 வரை இங்கிலாந்தை ஆண்டவர். காலடியில் ஒரு சிங்கம் அவருடைய வாள் நுனியைக் கடித்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள். தலைமாட்டில் குட்டியாக இரண்டு ஆயர்கள், அதாவது பிஷப்புகள், இருவருமே புனிதர்கள். போப்போடு மல்லுக்கட்டி, ஆறு வருடம் நாட்டில் வழிபாடே நின்றுபோகக் காரணமாக இருந்த மனிதருக்கு இந்தக் காவல்!

ராபின் ஹூட் படங்களில் இவர் சோம்பேறி வில்லன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வில்லன், சரி. சோம்பேறி இல்லவே இல்லை. ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்தவர். இவர் காலத்தில்தான் அரசு அனுப்பும் சாசனம், கடிதங்களுக்கு நகல் எடுத்துத் தோல் சுருள்களில் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். இன்று அவரை மாட்டிவிடுவதும் அந்தச் சுருள்கள்தான்.

1204 கிறிஸ்துமஸ் சமயத்தில் எழுதிய ஒரு குறிப்பு: ஹியூ டி நெவிலின் மனைவி, தன் கணவனோடு ஓர் இரவு தங்குவதற்காக மன்னருக்கு 200 கோழிகள் தருகிறார். கணவர் அரசரின் காடுகளுக்குத் தலைமை அதிகாரி. இது அரசவைக் கிண்டலா, கேவலமான வேறு ஏதாவதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எதுவானாலும், கணக்கில் ஏற்றிவிட்டார்கள்!

கோழியை விடுங்கள். சொத்து வாரிசுக்குப் போகப் பணம், விதவைக்கு மறுமணம் வேண்டாம் என்றால் பணம், வழக்கு சீக்கிரம் நடக்கப் பணம். இதெல்லாம் இவர் கண்டுபிடித்ததல்ல, அப்பா காலத்திலேயே உண்டு. ஆனால் 1204இல் நார்மண்டியைப் பிரான்சிடம் பறிகொடுத்த பிறகு, அதை மீட்கக் கசக்கிப் பிழிந்தது இவர்தான். கடனைக் கட்டாத பிரபுக்களின் கழுத்தைப் பிடித்தார். அவர்களில் ஒருவரான வில்லியம் டி பிரியூஸ், ஜானுக்கு நெருங்கிய நண்பராக இருந்தவர். அவருடைய மனைவியும் மகனும் 1210இல் சிறையில் பட்டினி கிடந்தே செத்தார்கள். அத்தனை பணமும் 1214இல் புவீன் போர்க்களத்தோடு போச்சு, ஜானின் கூட்டாளிகள் பிரெஞ்சுப் படையிடம் தோற்றார்கள்.

பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஜூனில் ரன்னிமீட். தேம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளியில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்தார், கையெழுத்து அல்ல. மீன்பிடி அணைகளை ஆற்றிலிருந்து எடு என்றுகூட அதில் ஒரு பிரிவு உண்டு. எனக்குப் பிடித்தது 40ஆவது: யாருக்கும் நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம். முதலில் வருவது 'விற்க' என்பதைக் கவனித்தீர்களா?

ஆகஸ்டிலேயே போப் அதை ரத்து செய்துவிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் நியூவார்க்கில் ஜான் இறந்தார். ஒன்பது வயது மகன் ஹென்றியின் பெயரில், அவருக்காக ஆட்சியை நடத்திய வில்லியம் மார்ஷல் அதே சாசனத்தைத் திருத்தி வெளியிட்டார். பிரபுக்களைப் புது மன்னர் பக்கம் இழுக்க வேண்டுமே!

அப்புறம் 1225இல் அதை மறுபடி வெளியிட ஹென்றி ஒரு விலை கேட்டார்: நாட்டில் எல்லோருடைய அசையும் சொத்திலும் பதினைந்தில் ஒரு பங்கு வரி. கொடுத்தார்கள். நீதியை விற்க மாட்டோம் என்ற வரியும் அந்த விலைக்குள் அடக்கம்.