காக்கா என்றால் எது?

[திரையில்: மொட்டை மாடி. இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம்.]

"காக்கா பாரு, காக்கா! ஆ காட்டு..." பருப்புச் சாதம் உள்ளே போகிறது. காக்கா பறந்துவிடுகிறது.

இப்போது அந்த ஒன்றேகால் வயதுக் குழந்தையின் இடத்தில் இருந்து யோசியுங்கள். காக்கா என்றால் எது? அந்தக் கறுப்பா? அது உட்கார்ந்திருந்த கைப்பிடிச் சுவரா? இல்லை, காக்கா என்றால் வாயைத் திற என்று அர்த்தமா? தினமும் சோற்றோடுதானே அந்தச் சொல் வருகிறது! எனக்கு இந்தக் கடைசிச் சந்தேகம் ரொம்ப நியாயமாகவே படுகிறது.

ஆனாலும் குழந்தை சரியாகவே பிடித்துக்கொள்கிறது. எப்படி? நம் கண்ணைப் பார்த்து.

[திரையில்: குழந்தை கையில் ஒரு பொம்மை. எதிரே வாளிக்குள் எட்டிப் பார்க்கும் பெரியவர்.]

டேர் பால்ட்வின் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். குழந்தை தன் கையில் இருக்கும் பொம்மையிலேயே மூழ்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து, பெரியவர் வாளிக்குள் இருக்கும் வேறொரு பொம்மையைப் பார்த்தபடி புதுப்பெயர் ஒன்றைச் சொல்வார். காதில் விழுந்த பெயரைக் கையில் இருப்பதற்கே சூட்டிவிடலாம் அல்லவா? ஒன்றரை வயதுக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. நிமிர்ந்து, அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனித்தன. அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, வாளிப் பொம்மையைத்தான் காட்டின.

[திரையில்: இரண்டு தட்டுகள். ஒன்று நீலம், ஒன்று ஆலிவ் பச்சை.]

இன்னொரு வழி, கழித்துப் பார்ப்பது. 1978இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் வெளியிட்ட ஆய்வில், "குரோமியம் தட்டை எடுத்து வா, நீலத் தட்டு வேண்டாம்" என்று நர்சரிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஆலிவ் பச்சைக்கு ஆய்வாளர்கள் சூட்டிய பெயர்தான் குரோமியம். அப்படி ஒரு நிறத்தைப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நீலம் தெரியும். அப்போ, மீதி இருப்பதுதானே!

சரி, காக்காவுக்கு வருவோம். சொல் கிடைத்த கையோடு புறாவும் காக்கா, மைனாவும் காக்கா ஆகிவிடும். இருக்கிற ஒரே பறவைப் பெயரை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும்? "அது புறா" என்று சொல்லச் சொல்ல, காக்காவின் எல்லை சுருங்கிவிடும்.

உண்மையில் படுத்துவது ‘நான்’, ‘நீ’ இரண்டும்தான். யார் சொன்னாலும் காக்கா காக்காதான். ஆனால் ‘நீ’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். "உனக்கு பிஸ்கட் வேணுமா?" என்றே கேட்டுப் பழகிய சில குழந்தைகள், "உனக்கு வேணும்" என்று கையை நீட்டும்.

[திரையில்: காலி பிஸ்கட் தட்டு.]

எங்கள் வீட்டில் அதை அப்படியே நம்பி, நான் தின்றுவிட்டேன். அன்று முழுக்க அழுகை.