‘ஏன்’ என்று கேட்காதீர்கள், எம்-புக்கைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தெருவில் சிமென்ட் சாலை போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். டீக்கடையில் இதைப் பேசாத ஆள் இல்லை. “எல்லாம் கமிஷன்” என்பார் ஒருவர், டீ முடியும், பேச்சும் முடியும். அந்தப் பேச்சைக் காகிதத்தில் ஏற்றுவது எப்படி? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் காகிதம் மனு. ஒரு மனுவில் ஒரே குறையை எழுதுங்கள். சாலை, தெருவிளக்கு, ரேஷன் கடை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மூன்று துறைக்குப் போக வேண்டியது ஒரு கோப்பிலேயே படுத்துவிடும். ‘எங்கள் பகுதியில்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். தெருப் பெயர், பக்கத்து மின்கம்பத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து என்பது, இவ்வளவு போதும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சட்டைப் பையோடு துவைத்துவிட்டு வருந்துபவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வரும். யார்மேல் குறை சொன்னோமோ அந்த அலுவலகத்துக்கே மனு போயிருக்கும்.

அப்போதுதான் இரண்டாவது காகிதம், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்குப் பிரிவு 6(1)-இன் கீழ் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். மாநில அரசு அலுவலகத்துக்கு இது போதும். ரயில்வே, தபால் துறை போன்ற மத்திய அலுவலகம் என்றால் ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள்.

இப்போது என் பழைய பல்லவி. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஏன் சாலையைச் சரியாகப் போடவில்லை?’ என்று எழுதினால், ‘கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் அளிக்க இயலாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தருவது ஆவணத்தில் இருப்பதைத்தான். ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, பில், எல்லாவற்றுக்கும் மேலாக எம்-புக். வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து நீளம், அகலம், தடிமன் எழுதும் அளவுப் புத்தகம் அது. அதைப் பார்த்துத்தான் பணம் பட்டுவாடா ஆகிறது. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

எம்-புக்கில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் என்றிருந்தால் கான்கிரீட் 45 கன மீட்டர். தையற்காரர் டேப்பே போதும், சாலையோரம் நான்கைந்து இடத்தில் பாருங்கள். எல்லா இடத்திலும் 10 சென்டிமீட்டர்தான் என்றால், போட்டது 30 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கைக் காணோம்! ஒரு எச்சரிக்கை: கடப்பாரை எடுத்து நீங்களே தோண்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். வேலையை நேரில் பார்வையிடவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் பிரிவு 2(j) உரிமை தருகிறது. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ராஜஸ்தானில் 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் செய்ததும் இதுதான். பஞ்சாயத்து வேலையின் கூலிப் பட்டியலை ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் எல்லாம் கூலி எழுதியிருந்தது. பெயருக்கு உரியவர்கள் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்! சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை, பட்டியலே பேசியது. பிறகு அதே மாநிலத்தின் பியாவரில் 1996-இல் தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா, அப்படியே வளர்ந்து வந்ததுதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். நம் தமிழ்நாடும் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, ஆனால் அதில் விதிவிலக்குகளே அதிகம்.

சரி, 30 நாளாகியும் பதில் இல்லை. திட்டிக் கடிதம் எழுதாதீர்கள். அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதி தவறுவதால் தோற்பவர்கள்தான் அதிகம், காலண்டரில் குறித்துவிடுங்கள். முன்பு கொடுத்த மனுவுக்கும் இதே வழிதான். மனு எண்ணைப் போட்டு, எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, கோப்பில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று நகல் கேளுங்கள். தூங்கும் கோப்பு பல நேரம் அந்தக் கேள்விக்கே எழுந்துவிடும்.

கிராம சபையைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எம்-புக் நகலை அங்கே எடுத்து வாசியுங்கள். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தை நீட்டினால் வாங்காதீர்கள். வணக்கம்.